பத்திநாதரின் கடைசி வார்த்தை

2025 ஒக்டோபர் 7, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளில் லாச்சப்பல் அலுவலகத்தில் ஆட்களைச் சந்திப்பேன். இன்று ஒன்பது பேர். ஆறு பேருக்கு வீட்டுப் பிரச்சினை, இரண்டு பேருக்கு வதிவிட விசா காட். ஒருவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "சும்மா உங்களைப் பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான்" என்றார். பிராந்திய சபைக்கு ஒரு தமிழ்ப் பெண், நான், தெரிவாகி நாலு வருடமாகிறது. இன்னும் வந்து பார்க்கிறார்கள்.

கடைசியாக அந்துவான் வந்தார். கட்சியில் எங்கள் பகுதியின் தேர்தல் வேலைகளைப் பார்ப்பவர். மார்ச்சில் வரும் நகரசபைத் தேர்தலுக்கு எனக்குப் பட்டியலில் இரண்டாவது இடமாம். துண்டுப்பிரசுர மாதிரியைக் காட்டினார். வெள்ளைச் சீருடையில் என் பழைய படம். கீழே: "கடைசி மூச்சுவரை ஒரு மனிதரின் கையை விடாத தாதி, பூரணி குணரத்தினம்."

"இந்த வரியை எடுத்துவிடலாமா?"

"ஏன்? உங்களை எல்லோருக்கும் தெரிவது இதனால்தானே."

சரி என்றேன். எத்தனையாவது சரி இது?

ஒக்டோபர் 9, வியாழன்

எங்கேயாவது ஒரு தடவை உள்ளபடி எழுத வேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

2020 ஏப்ரல். தீவிர சிகிச்சைப் பிரிவு. பத்திநாதர், ஐம்பத்தெட்டு வயது, ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். கொரோனா. அவருக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது என்று பக்கத்துப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கூட நின்றிருக்க மாட்டேன். தண்ணீர் கேட்டார். "சப்பாத்து எங்கை வைச்சவை?" என்று தன் காலணிகளைத் தேடினார். அவ்வளவுதான். மத்தியானம் மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். பிறகு அவர் கண் திறக்கவேயில்லை. பதினோராம் நாள் முடிந்துபோனார்.

அன்றைக்கு எனக்கு விடுமுறை. வீட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஆரெலி, எங்கள் உதவித் தாதி.

அடுத்த நாள், தமிழ் தெரிந்தவள் என்பதால், மகளுக்குத் தொலைபேசியில் விபரம் சொல்ல என்னை விட்டார்கள். அஜந்தா. ஆஸ்பத்திரிக்குள் வர அவளுக்கு அனுமதி இல்லை. அழுகைக்கு நடுவில், "அக்கா, அப்பா கடைசியா ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள். கோப்பில் ஒரு மகனின் பெயரும் இருந்தது, பதினேழு வயது.

"தம்பியைக் கைவிட்டிடாதை எண்டு சொல்லச் சொன்னவர்" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை. அந்த நிமிடத்தில் அது பொய்யாகவே தெரியவில்லை.

அஜந்தா சொல்லிக் கேள்விப்பட்டுத் தமிழ் வானொலி கூப்பிட்டது. பிறகு பிரெஞ்சுத் தொலைக்காட்சி. முதல் பேட்டியில் "கையைப் பிடித்திருந்தோம்" என்றேன். மூன்றாவது பேட்டியில் "பிடித்திருந்தேன்" ஆகிவிட்டது. நாக்குத் தடுமாறக்கூட இல்லை. அடுத்த வருடம் கட்சி வீடு தேடி வந்தது.

ஒக்டோபர் 18, சனி

அஜந்தா வந்தாள். அடுத்த மாதக் கூட்டத்தில் மேடையில் பேச அந்துவான் அவளைக் கேட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். முப்பத்துமூன்று வயது. கார்ஜ் புறநகரில் தாயோடு இருக்கிறாள். பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை.

"மேடையிலை என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை அக்கா. எனக்கு நடந்ததைச் சொல்லட்டோ?"

"என்ன நடந்தது?"

"ரொறன்ரோவிலை எனக்கு ஒரு கலியாணம் பேசி, மோதிரமும் மாத்தினது. அதுக்குள்ளை அப்பா... தம்பியை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. அப்பா சொன்னதல்லோ. அவையளும் ரெண்டு வருசம் பாத்திட்டு வேறை இடத்திலை செய்திட்டினம்."

"தம்பி இப்ப?"

"லியோனிலை. நல்ல வேலை, சிநேகிதியும் இருக்கு. நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வருவான்." சிரித்தாள். "பரவாயில்லை அக்கா. அப்பா சொன்னதைச் செய்து முடிச்சிட்டன்."

அவள் முகத்தில் ஒரு பெருமை. குறை சொல்லவே அவளுக்குத் தெரியவில்லை. நான் கோப்பையைப் பிடித்தபடி இருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று கேட்டாள். நீலம் என்றேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

இசபெல் என்ற பத்திரிகையாளர் தொலைபேசியில். ஒரு வாரப் பத்திரிகை. ஆஸ்பத்திரியின் பழைய வேலைநேரப் பட்டியல் ஒன்று அவர் கைக்குப் போயிருக்கிறது. "பத்திநாதர் இறந்த நாளில் நீங்கள் வேலையில் இல்லை என்று அதில் இருக்கிறது. விளக்க விரும்புகிறீர்களா?"

பிறகு அழைக்கிறேன் என்றேன். அழைக்கவில்லை.

ஒக்டோபர் 31, வெள்ளி

இசபெலின் இலக்கத்தை எடுத்தேன், அழுத்தவில்லை.

நவம்பர் 3, திங்கள்

கட்டுரை வந்துவிட்டது. ஆரெலியின் ஒரு வாக்கியமும் அதில் இருக்கிறது: "கையைப் பிடித்திருந்தது நான்."

தமிழ்க் கடைகள் உள்ள ரூ காய் தெருவில் நடந்தபோது கடைக்காரர் ஒருவர் வெளியே வந்தார். "வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கேல்லை தங்கச்சி. எங்கடை ஆள் ஒண்டு மேலை வந்தா உடனை இழுத்து விழுத்தோணும். நீங்கள் பயப்பிடாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்." என் படத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். இன்னும் இரண்டு கடைகளிலும் ஒட்டியிருந்தது. ஒருவர்கூட உண்மையா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

அந்துவான் ஓர் அறிக்கை எழுதிக் கொண்டுவந்தார். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். வெள்ளி மத்தியானத்துக்குள்.

வேலைநேரப் பட்டியலில் பெயர் இல்லாமலே நான் அன்று உதவிக்குப் போனேனாம். ஆரெலிக்கு நினைவு குழம்பியிருக்கலாமாம். "அக்காலத்தில் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகி, பின்னர் நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தவர்."

"அவளுடைய விடுப்பு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள்தான் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னீர்கள்."

ஓம், நான்தான். அவள் எப்படி உடைந்து போனாள் என்று இரக்கத்தோடு சொல்லியிருந்தேன். இப்போது அதை எடுத்து அவளையே அடிக்கப் போகிறார்கள்.

இரவு வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். எல்லாவற்றையும். கட்டிய நாளிலிருந்து என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. "உண்மையைச் சொன்னா நீர் மட்டும் விழமாட்டீர். இனி ஒரு தமிழரையும் அவங்கள் பட்டியலிலை போடமாட்டாங்கள். பூரணியைப் போட்டு நாங்கள் பட்டது காணும் எண்டு சொல்லுவாங்கள்" என்றார்.

அவர் சொல்வதும் சரிதான். அதுதான் கஷ்டம். கையெழுத்துப் போட்டால் ஆரெலி பலியாவாள். உண்மையைச் சொன்னால் அஜந்தாவுக்குத் தகப்பன் இரண்டாம் தரம் சாக வேண்டும். பேசாமல் இருந்தால்? பேசாமல் இருந்தால் அந்தக் கடைக் கண்ணாடிகளுக்குள்ளேயே நான் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 5, புதன்

ஆரெலி அழைத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் குரல்.

"நானாகப் போய்ச் சொல்லவில்லை, பூரணி. பட்டியலை முன்னால் வைத்துக் கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை."

"தெரியும்."

"நீ டிவியில் சொன்னதற்குக் கூட எனக்குக் கோபமில்லை. நம்மில் யாரோ ஒருவர் பிடித்திருந்தோம், அது போதும் என்று நினைத்தேன். ஆனால் உன் கட்சி ஆள் ஒருவன் என் பழைய மேலாளரைக் கூப்பிட்டு என் நோயைப் பற்றி விசாரித்திருக்கிறான். என்னைப் பைத்தியம் என்று மட்டும் சொல்லாதே."

அதோடு வைத்துவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

கார்ஜ் போனேன். ஆர்.இ.ஆர். ரயிலில் நின்றுகொண்டே போனேன், இருக்க இடம் இருந்தது. அஜந்தா கன்டீன் வேலை முடிந்து வந்திருந்தாள். தாய் உள்ளே படுத்திருந்தார். குசினியில் இருந்தோம். கட்டுரையைப் பற்றி அவள் கோபமாகச் சொல்லத் தொடங்கினாள், ஆரெலியைத் திட்டினாள்.

"அஜந்தா, அவ சொன்னது உண்மை. நான் அண்டைக்கு அங்கை இல்லை."

"அப்ப அப்பா சொன்னது?"

"சொல்லேல்லை. அவர் மயக்கத்திலைதான் போனவர். நீர் அழுதீர், நான் சொன்னனான். நானாத்தான் சொன்னனான்."

"ஒண்டுமே கதைக்கேல்லையோ?"

"மயக்க மருந்து குடுக்க முந்திக் கதைச்சவர். தண்ணி கேட்டவர். சப்பாத்து எங்கை எண்டு கேட்டவர்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டாள். "அது புதுச் சப்பாத்து" என்றாள். "நான் வாங்கிக் குடுத்தது."

பிறகு, "அஞ்சரை வருசம் அக்கா" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"போங்கோ" என்றாள். வந்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

நாலு வரி. நானே எழுதினேன். நான் அங்கே இருக்கவில்லை, ஆரெலி இருந்தார், கடைசி வார்த்தைகள் என்று நான் சொன்னவை என் கற்பனை, பதவி விலகுகிறேன். இசபெலுக்கும் அந்துவானுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

அந்துவான் அழைத்தார். "என்ன செய்துவிட்டீர்கள் என்று தெரிகிறதா?"

"இப்போதுதான் தெரிகிறது."

நவம்பர் 12, புதன்

படங்களைக் கழற்றிவிட்டார்கள். ரூ காயில் அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே திரும்பித் தேங்காய் அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

வீட்டில் இவர் இன்னும் தேவைக்கு மட்டுமே பேசுகிறார்.

2026 ஜனவரி 19, திங்கள்

சார்செலில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் ஊசி, மருந்து கட்டல். நேர்முகத்தில் பொறுப்பாளர் பெயரைப் பார்த்து, "அந்தப் பூரணியா?" என்றார். ஓம் என்றேன். "குருதி எடுக்க இன்னும் கை வருமா?" அதற்கும் ஓம்.

தேர்தல் பட்டியலில் என் இடத்துக்கு வேறு தமிழர் யாரையும் போடவில்லை. வீட்டில் இவர் சொன்னதுதான் நடந்தது. அதை என்னால் மறுக்க முடியாது.

ஏப்ரல் 10, வெள்ளி

தெரியாத இலக்கம். எடுத்தால் அஜந்தா.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலிலை புண். வாற பிரெஞ்சுத் தாதியோடை கதைக்கமாட்டா, காலையும் காட்டமாட்டா. உங்கடை நிலையத்திலை கேட்டனான், தமிழ் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தானாம்."

"வாறன்."

"காலமை ஏழரைக்கு வாங்கோ. நான் அப்ப வேலைக்குப் போயிடுவன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவைப் பற்றி ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"இல்லை. கதைக்கமாட்டன்."

ஏப்ரல் 13, திங்கள்

நாலாம் மாடி. தாய்தான் கதவைத் திறந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியும், பார்த்தவுடனேயே விளங்கியது. ஒன்றும் சொல்லாமல் போய்க் கட்டிலில் இருந்து காலை நீட்டினார். பழைய கட்டுத்துணியை ஈரப்படுத்தி மெதுவாக அவிழ்த்தேன். குதிகாலுக்குக் கீழே ஆழமான புண். சுரண்டித் துப்புரவாக்க வேண்டும்.

"நோகுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன். "நோகும்."

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் வேலையைத் தொடங்கினேன்.