குளிருக்கு முன்னால் வெட்டிய கொடி

இன்று காலை கடைக்கு அப்பிள் கொண்டுவந்த தோட்டக்காரர் பெட்டிகளை இறக்கி முடித்ததும், வாகனத்தின் முன் இருக்கையிலிருந்து ஒரு சின்னக் கொப்பை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். அப்பிள் கொப்பு. நுனியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூ. ஏப்ரல் கடைசி அன்சாக் விடுமுறையும் முடிந்து, குளிர்காலம் வருகிறதென்று மெல்பேர்னில் எல்லோரும் ஹீட்டரைத் தட்டிப் பார்க்கிற நேரத்தில் அப்பிள் பூத்திருக்கிறது. என்னோடு வேலை செய்கிற பெட்டை "சோ ப்ரிட்டி" என்று கைபேசியில் படம் எடுத்தாள். அந்த மனிதர் சிரிக்கவில்லை.

மார்ச் வெயிலில் இலை கருகிக் கொட்டிவிட்டதாம். பிறகு மழை, திரும்பவும் வெக்கை. மரம் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பிவிட்டது. இப்போது விரிகிற பூவெல்லாம் அடுத்த வருடத்துக்கென்று அது வைத்திருந்த மொட்டு. இனிக் குளிர் வந்து இவற்றைக் கருக்கும். வசந்தத்தில் அந்தக் கொப்புகளில் ஒன்றும் இராது. இந்த வருடத்துக் காய்களோ, இரவு குளிராததால் சிவக்கவே இல்லை. சிவக்கட்டும் என்று விட்டுவைத்தவற்றைச் சனிக்கிழமை ஆலங்கட்டி குத்திவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் கொப்பைக் குப்பையில் போட்டேன். பெட்டை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

உன்னை நினைக்கிறபோது எனக்கு முதலில் வருவது கோபம்தான். டண்டினொங்கில் அந்தக் கரட் கழுவுகிற தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று, சண்டை பிடித்துப் பிடித்தே சிநேகிதமானவர்கள் நாங்கள். "உனக்கு வாய் நீளமடி" என்பாய். "உனக்கு மட்டும் கட்டையோ?" என்பேன். நான் பழக்கடைக்கு மாறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை உன் வீட்டுப் பின்வளவில் தொடர்ந்தது. உன் மனுசன் இரும்புக் குழாயில் போட்டுத் தந்த பந்தல், அதில் உன் திராட்சைக் கொடி, கீழே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். மாசி பிறந்தால் தெரிந்தவர் வீடெல்லாம் உன் குலை போகும்.

நீ நோயில் விழுந்த வருடத்து மாசியில் போகவில்லை. பழுக்கிற நேரத்தில் பெய்த மழை பாதியை வெடிக்க வைத்தது. மிச்சத்தை, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பறவைகள் முடித்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். வயிற்றில் இருப்பது எல்லா இடமும் பரவிவிட்டது என்று அந்தக் கதிரையில் இருந்துதான் எனக்குச் சொன்னாய். டொக்டர் அடுத்த கோடையைப் பற்றிப் பேசவே இல்லை என்றும் சொன்னாய்.

"எனக்கு ஒரு குலை தின்னோணும் போல கிடக்கு."

"கடையில பெட்டி பெட்டியாக் கிடக்கு. நாளைக்குக் கொண்டு வாறன்."

"உன்ர கடைப் பழத்தை நீயே தின். எனக்கு என்ர கொடியில வேணும்."

அடுத்த ஞாயிறு வந்தபோது கொடியைக் காணவில்லை. கையளவு கட்டைகளை விட்டு எல்லாவற்றையும் வெட்டியிருந்தாய். அடியில் எரு, சுற்றிப் பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். ஊரில், சுன்னாகப் பக்கம், உங்கள் ஆட்கள் செய்கிறது அதுதானே. வெட்டி, எருப் போட்டு, தண்ணீர் விட்டால் கொடி உடனே துளிர்த்துக் குலை தள்ளும். மூன்று நான்கு மாதத்தில் பழம். அங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் எந்த மாதம் வெட்டினாலும் காய்க்கும். இங்கே கொடியை நித்திரைக்குப் போகவிட்டு, நடுக்குளிர் ஜூலையில்தான் வெட்டுவார்கள். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்ததை நான் கண்டேன்.

"விசரே உனக்கு? இது சுன்னாகம் இல்லையடி. குளிர் வரப்போகுது."

"குளிரோ நானோ, ஆர் முந்திறது எண்டு பாப்பம்" என்றாய்.

அந்த வருட இலையுதிர்காலத்துக்கும் விசர்தான். மார்ச் முழுவதும் வடக்குக் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல் வீசியது. ஏப்ரலிலும் ஜனங்கள் கடற்கரைக்குப் போனார்கள். உன் கொடி நம்பித் துளிர்த்தது. சித்திரை வருடப் பிறப்புக்குக் கொடி இரண்டு கை நீளம், பிறகு பூ, பிறகு மிளகளவில் பிஞ்சு. ஒவ்வொரு ஞாயிறும் நீ மெலிந்திருந்தாய், பிஞ்சு பருத்திருந்தது. கடைக்கு வருகிற தோட்டக்காரர்கள் எல்லோரும் அப்பிள் சிவக்கக் குளிரைக் கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெயில் நீடிக்கவேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அவர்களுக்கு அது தெரிந்திருந்தால் என்னை அடித்திருப்பார்கள். வானிலை அறிக்கையைத் தவிர வேறெதையும் அந்த நாட்களில் நான் தொலைக்காட்சியில் பார்க்கவில்லை.

மே நடுப்பகுதியில் ஒரு மத்தியானம் காற்றுத் தெற்குக்குத் திரும்பியது. காலையில் கையில்லாத சட்டையோடு வேலைக்குப் போன நான் பின்னேரம் நடுங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது, காற்றும் விழுந்துவிட்டது. உறைபனிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். நீ உன் அலுமாரியைத் திறந்து, சீலைகளை எல்லாம் இழுத்துக் கட்டிலில் போட்டிருந்தாய். பந்தலை மூட உன் மனுசன் ஏணியில் ஏறினார், நான் எடுத்துக் கொடுத்தேன். நூல் சீலை, வொயில் சீலை, கடைசியில் உன் கல்யாணக் கூறைச் சீலையையும் காட்டி "அதையும் போடு" என்றாய். உன் மகள் வாசலில் நின்று அழுதாள். "அம்மா, இட்ஸ் ஃப்ரீசிங். ப்ளீஸ் கம் இன்சைட்." நீ கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்து, இந்த மூலை திறந்திருக்கு, அந்த மூலை திறந்திருக்கு என்று எங்களை ஏவிக்கொண்டிருந்தாய்.

விடிய வந்தபோது சீலைகள் பலகை போல் விறைத்திருந்தன. கீழே இலையெல்லாம் அவித்த கீரையாய்க் கறுத்துத் தொங்கியது. குலைகளில் சில தப்பியிருந்தன, கல்லுப் போன்ற பச்சைக் காய்கள். இலை போன பிறகு காய் எதைக் கொண்டு பழுக்கும்? உன் மனுசன் உள்ளே போய் உன்னிடம், "கொஞ்சம் தப்பியிருக்கப்பா, பழுத்திடும்" என்றார். மகளும் தலையாட்டினாள். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. அவர்களுக்கும் வேறு என்னதான் சொல்ல இருந்தது?

நீ அவர்களைத் தேநீர் போடக் குசினிக்கு அனுப்பிவிட்டு, ஒரு குலையைப் பறித்து வரச்சொன்னாய். கொண்டுவந்தேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாய். உனக்கு அப்போது தண்ணீரே இறங்காது.

"நீ தின்னு. தின்றுபோட்டுச் சொல்லு."

ஒன்றைக் கடித்தேன். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"புளி" என்றேன். "வாயில வைக்கேலாது."

"பழுக்குமோ?"

"இல்லையடி. இனிப் பழுக்காது."

நீ கண்ணை மூடினாய். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பிறகு உன் கை கம்பளிக்குள்ளிருந்து வந்து என் கையைத் தேடியது.

"இந்த வீட்டில ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லுறேல்ல. நல்லா இருக்கிறன், முகம் தெளிஞ்சிருக்கு எண்டினம். நானும் ஓம் ஓம் எண்டு கிடக்கிறன். களைச்சுப் போனன். எனக்குப் பயமாக் கிடக்கடி" என்றாய். அவ்வளவு நாளும் அந்தச் சொல்லை நீ யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் பயம் என்றேன். தேநீர் வரும்வரைக்கும் இரண்டு பேரும் அழுதோம். அடுத்த கிழமை நீ போய்விட்டாய்.

வசந்தத்தில் உன் கொடி அங்குமிங்கும் நாலு இலை விட்டது, குலை ஒன்றுகூட இல்லை. இருந்த மொட்டையெல்லாம் அது உனக்காகச் செலவழித்துவிட்டது. வெட்டி எறியட்டோ என்று உன் மனுசன் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது இன்னும் நிற்கிறது.

இங்கே எங்கள் சனத்துக்குள் இப்போது நோய் கூடிவிட்டது. யாராவது படுக்கையில் விழுந்தால் போகிறேன். பழமும் பூவும் கொண்டுபோகிறவர்கள் நல்லாய் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனபின், கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு இருக்கிறேன். "நான் எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்காவிட்டால் சும்மா இருக்கிறேன். சிலர் அதற்குப் பிறகு என்னை வரவேண்டாமென்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன மாதம் ஒருத்தி, கேட்டு, நான் சொல்லி முடித்த பிறகு, என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.