மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டிய கடிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முழங்கால், காது, மிச்சமிருக்கும் பற்கள் எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் தூக்கமும் சுகமா? கையெழுத்தைப் பார்த்துவிட்டு இது யாருடையது என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என்னுடையதுதான் கண்ணு. அத்தனை வருஷம் லிஃப்ட் ஓட்டியபோது எண்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு ஊரையே ஏற்றி இறக்கினேன், இப்போது எழுத்தும் வந்துவிட்டது. நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் நின்றுவிட்டாள், நான் ஒட்டிக்கொண்டேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஆனாலும் வழியில் இருக்கிற பலகை ஒன்றையும் நான் விடுவதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ‘படியில் நிற்காதீர்’ என்று எழுதியிருந்ததைப் படியில் நின்றுகொண்டே சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்டக்டர், “பெருசு, படிச்சா மட்டும் போதாது, உள்ள ஏறுங்க” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஒரு வரி எழுத எனக்கு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகிறது, நீ பொறுமையாகப் படி.

நான் ஏன் இந்த வயதில் கிடந்து எழுதப் படித்தேன் என்று கேட்பாய். இத்தனை நாள் உனக்கு என் பெயரில் வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதியது. நீ இல்லாதபோது மாப்பிள்ளை எந்த அளவுக்குக் குடிக்கிறார் என்பதை மாப்பிள்ளை கையாலேயே எப்படி எழுத வைப்பது? திருடனைக் கூப்பிட்டுப் புகார் எழுதித் தரச் சொன்ன மாதிரி இருக்காதா? ஒரு தடவை மெதுவாக, வீட்டுக்கு நேரத்தோடு வருவதில்லை என்று ஆரம்பித்தேன். “இங்க் தீர்ந்துபோச்சு மாமா” என்று பேனாவை மூடிவிட்டார். போனும் அவருடையதுதான், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீ நல்லா இருக்கேன்ப்பா என்பாய், நான் நல்லா இருக்கேன்மா என்பேன். அப்பனும் மகளும் நல்லா இருக்கிறோம் நல்லா இருக்கிறோம் என்று மாற்றி மாற்றிச் சொல்லி வைத்துவிடுவோம்.

அதனால் இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பதறாதே. என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாப்பிள்ளை பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்தார் என்று உனக்குக் கடிதம் வந்ததே, அதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று. என்னைக் கூட்டிப்போக வரும்போதே அவர் குடித்துவிட்டு வந்தார். அங்கே கண்ணில் கட்டுப் போட்ட கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர் நேராக வந்து எனக்கு அடுத்தவர் கையைப் பிடித்து, “வாங்க மாமா, பாத்து, மெதுவா” என்று அன்பாக ஆட்டோ வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதரும் தன் வீட்டு ஆள் என்று நினைத்துப் போயிருக்கிறார். நர்ஸ் பின்னாலேயே ஓடி மீட்டுக்கொண்டு வந்தாள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. அடுத்து அடுப்பு. பகலிலேயே குடித்துவிட்டுப் பாலை ஏற்றி வைத்தவர் அப்படியே தூங்கிப்போனார். நான் வகுப்பிலிருந்து திரும்பும்போது சமையலறையில் என் கையே எனக்குத் தெரியாத அளவுக்குப் புகை. நீ லீவில் வந்திருந்தபோது கூட்டாளிகளைக் கூட்டி வந்து, பயணக் களைப்பில் படுத்திருந்த உன்னை எழுப்பிச் சமைக்கச் சொன்னதும், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி டீ கேட்டதும் எனக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம்தானே என் கட்டில். புட்டியின் மேல் ஒட்டியிருப்பதை நேற்று எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு என்று விற்கிறவனே எழுதி ஒட்டியிருக்கிறான். நம் வீட்டில் எனக்கு மட்டும்தான் படிக்கத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். அங்கே உன் கம்பெனியில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற பகுதி முழுக்க உன் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்ன அதே வாயால், வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன் என்றும் சொன்னாய். மாப்பிள்ளை உன்னிடம் போனில் அழுதார், நீ இல்லாத தனிமையில்தான் குடிக்கிறேன் என்றார். உன் நாத்தனாரும் இங்கே வந்து, “பொண்டாட்டி பக்கத்துல இருந்தா எங்கண்ணன் ஏன் குடிக்கப்போறான்” என்று கேட்டுவிட்டுப் போனாள். நீ பக்கத்தில் இருந்த நாட்களில் மட்டும் புட்டி வெட்கப்பட்டுக் கதவுக்கு வெளியே நின்றதா? நீ போன பிறகு வந்த குடியாக இருந்தால் நீ வந்தால் போகும். இது உனக்கு முன்னாலேயே வீட்டில் இருந்தது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். பேசினவனுக்குப் போச்சு, கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு எங்கே போகிறது? ஆகவே போதையில் கூப்பிட்டால் நாளைக்குப் பேசலாம் என்று சொல்லி வைத்துவிடு, அது குற்றமில்லை. அவர் வேலை பார்க்கும் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை முதலாளிக்கு நீ அங்கிருந்து போன் போட்டு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்கிறாயாமே, அதையும் நிறுத்து. அந்த மனிதர் என்னைத் தெருவில் பார்த்து, “என்னங்கய்யா, உங்க மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் திங்கட்கிழமை பாத்துத்தான் வருமா” என்று கேட்கிறார். உன் மேல் அவர் இதுவரை கை ஓங்கியதில்லை என்றுதான் நான் நம்புகிறேன். அது பொய்யாக இருந்தால் ஒரு வரி எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தெளிவாக இருக்கும்போது அவருக்கே படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். முதுகுக்குப் பின்னால் எழுதி எனக்குப் பழக்கமில்லை. முன்னால் எழுதியும் பழக்கமில்லை, அது வேறு.

படித்துவிட்டேன் மகளே. டீயைக் கையில் கொடுத்து உட்காரவைத்து ஆரம்பித்தேன். முதலில் அவருக்கு ஒரே சிரிப்பு, “மாமா, எக்ஸ்பிரஸ் மாதிரி போறீங்க” என்றார். அந்த இங்க் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றது. நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியாது, மற்றவர்கள் ஒரு மூச்சில் வாசித்துவிடுவதை நான் எழுத்து எழுத்தாக இறக்கி வைப்பேன், கேட்கிறவர் ஓரிடத்திலும் தப்ப முடியாது. கண் ஆஸ்பத்திரிக் கதையில் நீளமான ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் எப்போதும் உதவி செய்கிற பழக்கத்தில் எட்டிப் பார்த்து, “குடித்துவிட்டு” என்று படித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். நான் மேலே படித்தேன், நிறுத்தவில்லை. அடுப்புக் கதை முடிந்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “ஒரு தடவை இல்ல மாமா. அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை விட்டுட்டேன். நீங்க கிளாஸ்ல இருந்தீங்க. கம்ப்ரசர் சுட்டுருச்சுன்னு கையில கட்டுப் போட்டிருந்தேனே, அது கம்ப்ரசர் இல்ல, பால் சட்டி. அதையும் எழுதிக்கோங்க” என்றார். திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தையெல்லாம் அந்த ஒரு பேச்சில் வீணாய்ப் போயிற்று.

மறுநாள் அவரே, “துணைக்கு வர்றீங்களா மாமா” என்று கேட்டார். குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா அவரை உள்ளே வைத்து நெடுநேரம் பேசினாள், என்னையும் கூப்பிட்டு, மாத்திரையை அவர்தான் ஞாபகமாகப் போட வேண்டும், வீட்டில் யாரும் போலீஸ் வேலை பார்க்க வேண்டாம் என்றாள். என்ன ஆகிறதென்று பார்த்து எழுதலாம் என்று கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன், இத்தனை நாளும் வாரா வாரம் போய்வருகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பழைய கடிதம் மாதிரி ஆகிவிடும். நடுவில் ஒரு தடவை குடித்துவிட்டார். ஆனால் விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து நின்று, “நேத்து குடிச்சிட்டேன் மாமா” என்று அவராகச் சொன்னார், முதலாளியிடமும் காய்ச்சல் என்று சொல்லவில்லை. மறுவாரம் டாக்டரிடம் போவதையும் விடவில்லை. இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. போகிற வரைக்கும் நான் கூடப் போகிறேன். ஆனால் அது என் பாடு, அவர் பாடு. நீ அங்கே இருந்துகொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நாளைக்கு இந்த வாழ்க்கையே வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் நான் உன் பக்கம்தான். வேண்டும் என்று இருந்தாலும் உன் பக்கம்தான். இதை அவரிடமும் சொல்லியாயிற்று.

நேற்று அவர் சொன்ன ஒன்றை அப்படியே எழுதுகிறேன். “வா வான்னு அழுது அவள ராஜினாமா எழுத வெச்சவன் நான்தான். வர வேண்டாம்னு எழுதுங்க மாமா. என் கையெழுத்துல எழுதினா நம்பமாட்டா. உங்க கையெழுத்துல எழுதுங்க.” எழுதிவிட்டேன். எனக்காகவும் நீ வர வேண்டாம். லீவு கிடைக்கும்போது வா, அதற்கு முன்னால் வராதே.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த தூக்கத்தோடும், உன் பொறுப்பில் இருப்பவர்கள் மெச்சும்படியும் இருக்க வேண்டும் என்று என் தலைக்கு மேல் கை தூக்கி வாழ்த்துகிறேன். பதிலை என் பெயருக்கே போடு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. அந்த ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், அதை நான் யார் உதவியும் இல்லாமல் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய,
உன் அப்பா