பதினொரு மணிக்கு அப்பாவின் போன் அடிக்கும்

பாப்பா,

சாதம் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு. "செத்தவரு போனுக்கு எதுக்கும்மா சார்ஜ்?" என்று நேற்றுக் கத்தினாயே, இன்று பதினொரு மணிக்கு அது அடிக்கும். அப்பாவைப் போல இதயக் குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து பத்து வருடம் போனில் விசாரிக்கிறார்கள். வருடா வருடம் இதே நாள், இதே நேரம் நர்ஸ், "நெஞ்சு வலி இருக்கா சார்?" என்பாள். "எனக்கில்லம்மா, எங்க வீட்டுக்காரியக் கேளு" என்பார் அப்பா.

இது பத்தாவது வருடம். நீ எடுத்துப் பேசு. என்னால் முடியாது, வெளியே போகிறேன். போன மாதம் லாரி மோதியதைச் சொல். ஸ்டென்ட் கடைசிவரை நன்றாக இருந்தது என்றும் சொல், அவருக்குப் பெருமையாக இருக்கும்.

அம்மா

மறந்துவிட்டேன்: பேசி முடித்ததும் போனை அணைத்துவிடு. இனி அதில் அவரைத் தேட யாருமில்லை.