புகை ஷீட்டில் தெரிந்த மாதாவைப் பற்றி அக்காவுக்கு

என் அன்பு அக்காவுக்கு,

சுகம் விசாரித்துத்தான் தொடங்க நினைத்தேன். கோபம் முந்திக்கொள்கிறது. நான் கோபப்பட்டு நீ பார்த்ததில்லை. நம் லயத்து வீடுகளில் யாராவது சத்தம் போட்டால் உன் சேலைக்குப் பின்னால் போய் நின்றவன் நான். பென்சன் எடுத்த பிறகும் அங்கேதான் நின்றேன். அந்தத் தம்பி இப்போது ஒரு மனிதனைப் பழிவாங்கப் போகிறான் என்றால் நம்புவாயா?

யாரை என்று கேட்பாய். மெழுகுதிரி முதலாளியை. பட்டப்பெயர் நீ வைத்தது. தோட்டம் முழுக்கத் தெரிந்த பெயர் என்பதால் சொந்தப் பெயரை நான் எழுதத் தேவையில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். தெஹியோவிட்டைக்குப் போகிற பாதையில், ரப்பர் ஷீட் உலர்த்திய, இப்போது மூடிக் கிடக்கும் புகைக்கூட்டை ஒட்டி அவன் மாதாவுக்கு ஒரு கெபி, குகை மாதிரிச் சின்னக் கோயில், கட்டியிருக்கிறான். உள்ளே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ரப்பர் ஷீட். மரத்துப் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகையில் உலர்த்திய சாதாரண ஷீட்தான். நடுவில் வெளிறிய ஒரு கறை. முக்காடு போட்ட பெண் குனிந்து நிற்பது போல இருக்கும்; அதை நான் மறுக்கமாட்டேன். மாதா தோன்றியிருக்கிறார் என்று அவன் சொன்னான், வாசலில் மெழுகுதிரியும் விற்றான். அவிசாவளையிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். நம் சனம், சிங்களச் சனம், வேதக்காரர், சைவர், எல்லாரும்.

நான் பெக்டரியில் ஷீட் தரம் பார்த்தே தலை நரைத்தவன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மரப்பட்டைத் துகள் இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, பூஞ்சணம் இருக்கிறதா என்று தேடுவதுதான் உத்தியோகம். புகை போதாமல், ஈரம் காயாமல் அடுக்கினால் பூஞ்சணம் பூக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். அந்தக் கறையைக் கண்ட முதல் நாளே எனக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எப்படி உறுதியாகச் சொல்வது? இத்தனை பேருக்குத் தெரிகிற மாதா எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால் குறை ஷீட்டிலா, என்னிலா? பேசாமல் வந்துவிட்டேன்.

நீ பேசாமல் வருகிற ஆளா?

உன் கண்புரை ஒப்பரேசன் முடிந்து, ஆஸ்பத்திரியில் கண் மூடியைக் கழற்றிவிட்ட அன்று திரும்பி வந்துகொண்டிருந்தோம். கெபியில் தன்சல் கொடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் கேள்விப்பட்டு, ஓசிச் சோற்றை விடுவானேன் என்று நீதான் இறங்கினாய். கண்ணில் நீர் வடிய, ஷீட்டுக்கு நேரே போய் நின்று பார்த்தாய். நீ சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"அந்த டாக்டர் பையன் நல்லா இருக்கணும். எல்லாமே தெளிவா தெரியுதுடா தம்பி. பூஞ்சணந்தான் இது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மெழுகுதிரி முதலாளியும் சிரித்தான். அவனுடைய ஆள் ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து, நீ தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்த காலத்துக் குரலில் அவனைப் போலப் பேசிக்காட்டினாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வீடியோ நீ இருந்தவரை வெளியே வரவில்லை. உன்னை அடக்கம் செய்து மாதம் திரும்புவதற்குள் வந்துவிட்டது. அதில் நீ அழுகிறாய். "எல்லாமே தெளிவா தெரியுதுடா தம்பி" என்கிறாய். அவ்வளவுதான். முன்னால் டாக்டரும் இல்லை, பின்னால் பூஞ்சணமும் இல்லை. பார்வையிழந்த கிழவிக்கு மாதா கண் கொடுத்தார் என்று மேலே எழுதி, பாட்டும் போட்டிருக்கிறான். ஓரத்தில் ஒரு குடை தெரிகிறது. அது நான். உன் நெற்றியிலும் கன்னத்திலும் மூடியை ஒட்டிய பிளாஸ்டரின் பசை மினுங்குகிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும். யார் அதைப் பார்க்கிறார்கள்?

செல்வி பார்க்கவில்லை. லயத்தில் நமக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற செல்விதான், நீ தூக்கி வளர்த்தவள். சீனி வியாதி அவளுடைய கண்ணுக்கு ஏறிவிட்டது. கண் கிளினிக்கில் லேசர் பிடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். வீடியோவைப் பார்த்த பிறகு அவள் கிளினிக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு வெள்ளியும் கெபிக்குப் போனாள். நான் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"உங்க அக்காவுக்கே குடுத்தாங்கல்ல ஐயா. நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?"

உன் முகத்தைக் காட்டி, உன் குரலாலேயே அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவளுக்கு இடது கண் போய்விட்டது அக்கா. இனி வராதாம். வலது கண்ணும் மங்குகிறது.

அவனிடம் போனேன். உட்காரக் கதிரை கொடுத்தான். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஐயா, படிச்ச மனுசன் நீங்க. செத்துப்போன அக்காவோட சாட்சியத்தைத் தம்பியே மறைக்கலாமா?" என்றான். பிறகு, செல்விக்கு விசுவாசம் போதவில்லை என்றான்.

அன்றுதான் எனக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது. உன்னைப் பொய்யாக்கினான், அதையாவது பொறுத்திருப்பேன். கண்ணைத் தொலைத்தவள் மேலேயே குற்றத்தைப் போட்டானே.

நான் அற்புதத்தை நம்பாதவன் என்று நினைத்துவிடாதே. இப்போதும் இரவில் செபமாலை சொல்கிறேன். அந்நிய தேசங்களில் மாதா காட்சி கொடுத்த கதைகளை வாசித்திருக்கிறேன். சிலவற்றில் மனம் நிற்கிறது, சிலவற்றில் நிற்கவில்லை. இதைத்தான் பங்குச் சாமியிடம் கேட்டேன். திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சியைக்கூட நம்பியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். யாராவது அற்புதமாகச் சுகமானதாகச் சொன்னால், நோய் உண்மையா, மருந்து வேலை செய்ததா, சுகம் நிலைத்ததா என்று முதலில் டாக்டர்களை வைத்துத்தான் துருவுவார்களாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் ஷீட் பார்த்த மாதிரியே அவர்களும் பார்க்கிறார்கள். மெய்யான அற்புதம் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பயப்படாது என்றுதானே அர்த்தம்? பயப்படுகிறதென்றால் அதை மாதாவின் பெயரில் எதற்கு நம்பவேண்டும்?

கெபித் திருவிழாவுக்கு ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சாமி விசாரிக்க வருகிறார். எல்லார் முன்னாலும் சட்டத்தைத் திறந்து ஷீட்டை வெளியே எடுக்க, நான் கேட்டதற்காகச் சம்மதித்திருக்கிறார்; ஆயரின் ஆளிடம் முதலாளியால் மாட்டேன் என்று சொல்லமுடியாது. துடைக்கிறவன் நான்.

இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வஞ்சம் என்று பிரித்துப் பார்த்தேன். முறையாகத்தான் பார்த்தேன். வஞ்சம்தான் கூடுதல். கறை போகும்போது நான் ஷீட்டைப் பார்க்கப்போவதில்லை, அவன் முகத்தைப் பார்க்கப்போகிறேன். அவனிடம் மெழுகுதிரி வாங்கிய கைகளெல்லாம் அவன் பக்கம் திரும்புவதைப் பார்க்கவேண்டும். இது பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் துடைத்த பிறகு.

செல்வியிடமும் பேசிவிட்டேன். முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"துடைச்சுப் போச்சுன்னா அடுத்த நாளே உங்களோட கிளினிக்குக்கு வாறேன் ஐயா. போகலன்னா நீங்க என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. போகாவிட்டால்? என் கணிப்பு தப்பாக இருந்தால்? நான் தப்பாகத் தரம் பிரித்த ஷீட்டும் உண்டு, உனக்குத் தெரியும். போகாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் முழங்காலில் நிற்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதலாளி ஒரு நாளும் கொடுக்காத வாக்கு அது.

பூசைக்கு நீ போடும் வெள்ளை முக்காட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அதை நனைத்துத்தான் துடைப்பேன். செல்வியை முன் வரிசையில், வலது பக்கம் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்காரவைப்பேன். துடைத்து முடித்ததும், அவன் வெட்டி எறிந்த உன் பேச்சை முன்னும் பின்னும் சேர்த்து, உன் குரலிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன். உன் சேலைக்குப் பின்னால் நிற்காமல் சொல்வேன்.

இப்படிக்கு,
நீ பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்ட
உன் தம்பி ஞானம்