சீட் கவருக்கு அடியில்

மே 15, வியாழன்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. தைக்க வந்த ரவிக்கை ஐந்து, முடித்தது ஒன்று. தம்பி முரளி சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று நாள். மகள் யாழினியும் கூட, ஆறு வயசு. அவன் மனைவி ரிஷிவந்தியத்தில் அம்மா வீட்டில்.

ஞாயிறு வெள்ளிமலையில் கல்யாணம். எங்கள் காரில் போகிறோம். வாங்கி இரண்டு மாசம். இவருடைய லைசென்ஸுக்கும் அதே வயசுதான்.

"அங்க எங்க மாடில ஒருத்தர்கிட்டயும் காரு இல்லக்கா. வாங்கறதுக்கு மொதல்ல ஏலத்துல பர்மிட்டு எடுக்கணும். இங்க இன்னா, தெருவுக்கு நாலு நிக்குது" என்றான் முரளி.

இவருக்கு ஒரே குஷி. "அவ்ளோ சம்பாரிச்சியும் பஸ்ஸுல தொங்கிக்கினு போறியா மச்சான்?"

மே 16, வெள்ளி

புழுக்கம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது. வீட்டில் சண்டை.

யாழினிக்காக முரளி பின் சீட்டில் பெல்ட் தேடினான். பட்டை தொங்குகிறது, மாட்டுகிற பூட்டைக் காணோம். புது சீட் கவருக்கு அடியில் போய்விட்டிருக்கிறது. "பின்னாடி யாருங்க பெல்ட்டு போடறாங்க?" என்றாராம் கவர் போட்டவர். முன் சீட்டில் இன்னொரு கூத்து. பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துமே, அதை அடக்க பூட்டில் வெறும் கிளிப் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார் இவர்.

"அங்க டாக்ஸில ஏறனாகூட பின்னாடி பெல்ட்டு போடணும் மாமா. பொண்ண இப்டி மலைக்கு கூட்டிக்கினு போவ மாட்டேன். நாங்க பஸ்ஸுல வர்றோம்."

"சொந்தமா ஒரு காரு இல்ல, எனக்குப் பாடம் எடுக்கறான்! என் வண்டில ஏறாதவன் இன்னாத்துக்கு என் வூட்டுப் படி ஏறணும்னு கேளு."

முரளி பக்கத்திலேயே நிற்கிறான். பேச்சு மட்டும் என்னிடம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பக்கத்துத் தெரு வசந்தா மகன் ஞாபகம். போன தை, சங்கராபுரம் ரோடு, கார், பின் சீட்டு. துக்கத்துக்குப் போய் விதி என்று சொல்லிவிட்டு வந்தோம். நானும்தான் சொன்னேன். பயமாக இருக்கிறது.

மே 17, சனி

இவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனதும் பிளேடும் ஊசியுமாகக் காருக்குள் போனேன். தையல் பிரிப்பது தெரிந்த வேலைதான். ஆனாலும் அந்தக் கவர் இவருக்கு உயிர்.

இரண்டு ஓரமும் பிரித்து, பூட்டை வெளியே இழுத்து, விளிம்பை மடித்துத் தைத்தேன். நடு சீட்டின் பூட்டு ஆழத்தில். அங்கே அத்தை, இவருடைய அம்மா, உட்காருவார். சேலை கசங்கும் என்று எப்படியும் போட மாட்டார். விட்டுவிட்டேன். முன் சீட்டுக் கிளிப் இப்போது என் பாபின் டப்பாவில்.

முரளியிடம் சொன்னேன், காரிலேயே வா என்று. "செரிக்கா."

சாயங்காலம் இவர் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 18, ஞாயிறு

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஆறரைக்குக் கிளம்பினோம். முன்னால் இவரும் முரளியும். யாழினி ஜன்னலோரம், மடித்த ஜமக்காளத்தின் மேல், பெல்ட்டோடு. நடுவில் அத்தை, மறு ஓரம் நான். இவர் பெல்ட் போடவில்லை. கார் கீங் கீங் என்று கத்திக்கொண்டே வந்தது. கச்சிராயபாளையம் தாண்டியதும் வெடுக்கென்று இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

கல்யாணம் நல்லபடி. இறங்கும்போதுதான். கொண்டை ஊசி வளைவில் பைக், மூன்று பேர், எங்கள் பக்கமாகவே. இவர் பிரேக் அடித்து ஒடித்தார். கார் மலைப் பக்க மண்மேட்டில் மோதி நின்றது. பைக் நிற்காமல் போய்விட்டது.

யாழினியின் செருப்பு முன் கண்ணாடியடியில் கிடந்தது. யாழினி சீட்டிலேயே.

இவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தார். பெல்ட் விடவில்லை. பட்டையைப் பிடித்து இழுக்கிறார், இழுக்கிறார். "எப்டிடா கழட்டறது இத?"

"செவப்ப அமுக்குங்க மாமா" என்றான் முரளி.

அத்தை இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் போய் விழுந்திருந்தார். நெற்றியில் நாலு தையல். "எலுமிச்சம்பழந்தான் காப்பாத்துச்சி" என்கிறார், கட்டோடு.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"நடுவுல இருக்கறத ஏன் வுட்டுட்ட?"