பெட்டி தராத கார்டு

ஜெலுத்தோங், பினாங்கு
பிப்ரவரி 15, ஞாயிறு

அன்புள்ள மகள் பிரமிளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சக்கரம் தேய்ந்த நம் பழைய கெரேட்டா மூவரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய், போனில் சொன்னால் அம்மா பின்னால் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அதனால் அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே, எல்லாம் சரியாகிவிட்டது. என்னிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் இருந்தன, மூன்றிலும் சேர்த்து நம் ஊர்க் காசு பதினோராயிரத்து நானூறு வெள்ளி கடன். சூதாட்டம் ஒன்றும் இல்லை, கெரேட்டாவின் கியர்பாக்ஸ், கூரை ஒழுக்கு, அம்மாவின் பல் வைத்தியம் என்று ஒவ்வொன்றாக ஏறியது. பிறை தொழிற்சாலையில் ஓவர்டைம் குறைந்த பிறகு குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன், மாதம் அறுநூறு கட்டினால் நூற்றெழுபது வட்டிக்கே போய்விடும், மீதி இறங்கியதை மறுபடி பெட்ரோலுக்கும் மளிகைக்கும் அதே கார்டில் தேய்த்துவிடுவேன். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. போன மாதம் கடலுக்கு அக்கரையில் பத்து காவான் ஊர் சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி நிறையச் சாமானை வைத்துக்கொண்டு கார்டைக் கொடுத்தேன், செல்லவில்லை. அடுத்ததும் செல்லவில்லை. மூன்றாவதை நான் எடுப்பதற்குள் அம்மா தன் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்து வைத்தாள். வீடு திரும்பும்போது கடல்மேல் இரண்டாம் பாலம் முழுக்க பில்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள், அவ்வளவு நீளப் பாலம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தீவுக்குள் இறங்கிய பிறகு, மொத்தம் எவ்ளோ என்று மட்டும் கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், ரெண்டு வருஷமா இத தனியா வச்சிக்கிட்டா முழிச்சீங்க என்று கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திட்டியிருக்கலாம் பிரமிளா, எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமையே டவுனில் ஒரு வங்கிக்கு என்னைக் கூட்டிப் போனாள். பழைய கார்டுக் கடனையெல்லாம் ஒரே புதுக் கார்டுக்கு மாற்றிக் குறைந்த வட்டியில் கட்டும் திட்டம் இருக்கிறதாம், அவளோடு தையல் வகுப்பில் இருக்கும் நவமணி அக்கா சொன்னாராம். அங்கே ஷாஹிரா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், மூன்று கார்டு காட்டினாள். ஒன்றில் ஆறு மாதத்துக்கு வட்டியே இல்லை, கூடவே சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று இலவசம். எனக்கு அந்தப் பெட்டி மேலேயே கண், டப்ளின் வரும்போது உதவுமே என்றேன். பெட்டிக்குள்ள என்னத்த வைக்கப் போறீங்க, பில்லையா என்றாள் அம்மா, ஆறு மாதத்தில் முடிக்க மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வேண்டும், எங்கே போவது? இன்னொன்று மூன்று வருடம், மாதத் தொகை குறைவு, அதைத் தொட்டேன். அம்மா மொத்த வட்டியைக் கணக்குப் போடச் சொன்னாள், இரண்டாயிரத்துக்கு மேல் வந்தது, முடியும்போது எனக்கு அறுபது வயது. கடைசியாக ஒன்று, பன்னிரண்டு மாதம், வட்டி கிடையாது, தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் முந்நூற்று நாற்பத்திரண்டு வெள்ளி கட்டணம், மாதம் தொள்ளாயிரத்து ஐம்பது. ஆன்ட்டி, ஒரு மாசம் தவறினாலும் வட்டி ஏறிடும், புதுசா இந்தக் கார்டுல எதுவும் வாங்கவும் கூடாது, யோசிச்சிக்கோங்க லா என்றாள் ஷாஹிரா. என்னால் மாதம் அறுநூறுதான் முடியும். மீதி முந்நூற்றைம்பது இடித்தது. அப்புறம் நான்தான் சொன்னேன், அம்மா சீட்டுக் கட்டி டப்ளின் வர இரண்டு டிக்கெட்டுக்குச் சேர்த்த பணத்தில் என் டிக்கெட் நாலாயிரத்து அறுநூறு இருக்கிறது, துண்டு விழுவதும் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும் என்று. கடனைக் கேட்டுக் கோபப்படாதவள் இதற்குக் கோபப்பட்டாள். பேரப்புள்ளய பாக்க வேணாமா உங்களுக்கு என்றாள், கண் கலங்கிவிட்டது, ஷாஹிரா டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தாள். பாக்கணும் லெட்சுமி, கடன் இல்லாம வந்து பாக்குறேன் என்றேன். கையெழுத்துப் போட்டு வந்தோம், பத்து நாளில் பழைய மூன்றும் அடைந்துவிட்டன, அவற்றை ரத்து செய்துவிட்டேன்.

ஆகவே மே மாதம் அம்மா மட்டும் வருவாள். அடுத்த பிப்ரவரியோடு கடன் தீர்கிறது, குட்டியின் முதல் பிறந்தநாளுக்கு நான் அங்கே நிற்பேன். நீ பணம் கிணம் அனுப்பி வைக்காதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். குட்டிக்குக் கட்டிலும் தள்ளுவண்டியும் கார்டில் வாங்கியதாகச் சொன்னாயே, மாதம் முழுசாகக் கட்ட முடியவில்லை என்றால் அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, என்னைப் போல் முழிக்காதே. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு, ஈரத் தரையில் பார்த்து நட.

நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து வர எங்கள் இருவரின் ஆசி. ஒன்று மறக்காதே, குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளையை எனக்குப் போன் செய்யச் சொல், அம்மாவிடம் கொடுக்காதே, அவள் அழ ஆரம்பித்தால் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரிய அரை மணி நேரம் ஆகும்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா சிவநேசன்