ஐந்தரைக் கட்டை

ஜூன் 9, ஞாயிறு

ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ரெக்கார்டு பிளேயரில் இன்று முதல்முறையாக ஜலஜாவின் எல்.பி.யைப் போட்டேன். இருபத்தாறு வயதில் அவள் பாடிக் கொடுத்த ஒரே இசைத்தட்டு. பல்லவி முடிவதற்குள் எழுந்துவிட்டாள்.

“ஏன்னா, இது ஆறு கட்டை சுருதில ஓடறது. நான் பாடினது அஞ்சரை. உங்க மிஷின் வேகமா சுத்தறது.”

எனக்குச் சங்கீதம் சுத்த சூன்யம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் காது சொன்னால் சொன்னதுதான். ஆக, எதையோ மாற்றியாக வேண்டும். எதை?

ஜூன் 11, செவ்வாய்

ஈக்காட்டுத்தாங்கலில் பழைய ஆடியோ சாமான் விற்று, பழுதும் பார்க்கும் காதரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பெல்ட்டை மாற்றினார். புள்ளி போட்ட ஒரு தட்டைச் சுழலவிட்டு, மேலே விளக்கைப் பிடித்தார். வேகம் சரியென்றால் புள்ளிகள் அசையாமல் நிற்குமாம். நின்றன.

“ஸ்பீடு கரெக்டா கீது சார். நீ ஸ்பீக்கர மாத்து, வூடே அதிரும்.”

வீடு அதிர வேண்டாம். அவள் உட்கார்ந்து கேட்டால் போதும்.

ஜூன் 12, புதன்

இன்னும் ஆறு கட்டைதானாம். புள்ளிக்கு என்ன சங்கீதம் தெரியும்? ஊசியா? ஆம்ப்ளிஃபயரா? இல்லை, மோட்டாரே போய்விட்டதா?

ஜூன் 15, சனி

சுருதிப் பெட்டியும் அரைக் கட்டை ஏறிவிட்டதாம். பரணில் போடச் சொன்னாள். போட்டேன். கபாலி கோயில் நாதஸ்வரம்கூட, “இப்பல்லாம் தூக்கிப் பிடிக்கறா.” அதற்கும் தலையாட்டினேன். ஊரே ஏறிக் கிடக்கிறது என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாலை ஒரு கச்சேரி. பாடிய அம்மாளுக்கு வயதாகிவிட்டது, தம்பூரா சுருதியை விட்டு விலகி விலகிப் போனார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜலஜா சொன்னாள்: “சுருதி போறதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திண்டுடணும். நானா இருந்தா வாயே திறக்கமாட்டேன்.”

ஜூன் 20, வியாழன்

வர்ஷினி லிஃப்ட் அருகே எனக்காகக் காத்திருந்தாள். ஆபீஸ் முடிந்து வந்து ஜலஜாவிடம் பாட்டுக் கற்கிறவள். ஜலஜா எந்தப் பெட்டியும் இல்லாமல் சுருதி எடுத்துக் கொடுப்பாள். அதில்தான் அவளுக்குப் பெருமை.

“மாமா, மாமி அஞ்சரைன்னு குடுக்கறது அஞ்சுதான். ஆத்துக்குப் போய்ப் பெட்டில வெச்சுப் பார்த்தேன். ரொம்ப நாளாவே இப்படித்தான். மாமிகிட்ட யாரும் சொல்லலை.”

மேலே வந்து உட்கார்ந்தேன். பிளேயர், பெட்டி, நாதஸ்வரம், எல்லாமே ஏறிவிட்டதா? ஒரு மோட்டாரைச் சந்தேகப்படத் தெரிந்தது. இவள் காதைச் சந்தேகப்பட — எப்படித் தோன்றும்? ஐயோ, எப்படித் தோன்றும்!

ஜூன் 24, திங்கள்

அவளிடம் சொல்லாமல் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வயதானால் சிலருக்கு எல்லாம் அரைக் கட்டை ஏறிக் கேட்குமாம். ஞானம் இல்லாதவர்களுக்கு வந்தால் தெரியவே தெரியாதாம். மருந்து கிடையாது. போகப் போக அதிகமாகும்.

எனக்கு வந்திருக்கக் கூடாதா இது? எனக்கு என்ன குறைந்துவிடும்?

சொன்னால் நிறுத்திவிடுவாள். டிசம்பர் கச்சேரி, காலைச் சாதகம், எல்லாம்.

ஜூலை 2, செவ்வாய்

காதர் கடையில் மறுபடி. நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வந்திருந்தது. கேட்கக்கூட இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடர் வைத்த பிளேயர் வேண்டும் என்றேன்.

“அது டீஜே பசங்க வாங்கறது சார். உனுக்கு இன்னாத்துக்கு?”

பேரனுக்கு என்று சொல்லி வாங்கினேன். எங்களுக்குப் பேரன் கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

அவள் குளிக்கப் போயிருந்தபோது ஸ்லைடரைக் கீழே இறக்கி, அது தெரியாதபடி எல்.பி. உறையை மேலே சாய்த்து வைத்தேன். வந்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கேட்டாள்.

“இப்பத்தான் நான் பாடறேன். பாத்தேளா, மிஷின்தான்னு சொன்னேனே!”

கூடவே பாடினாள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். எனக்கோ அந்த இருபத்தாறு வயதுக் குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல் கனத்துக் கேட்டது. எனக்கே கேட்டது! ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் சாதகம் இல்லை. கூடத்துக்கு வந்து பார்த்தேன். பிளேயர் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. எல்.பி. உறை அலமாரியில். ஸ்லைடர் நடுக்கோட்டில், பூஜ்யத்தில் நின்றது. நான் தொடவில்லை.

பரணிலிருந்த சுருதிப் பெட்டியும் கீழே வந்திருந்தது.

காபி கொண்டுவந்து கொடுத்தாள். டிசம்பருக்கு வேறு யாரையாவது போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். வர்ஷினிக்கும் வேறு டீச்சர் பார்த்தாயிற்றாம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“எல்லாமே சரியாத்தான் இருந்திருக்கு, இல்லையான்னா?”

ஆமாம் என்றேன்.